கிளை பிரியும் கதைகளும் வளர்ச்சிப் பணியும்

மும்பை மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே தாராவி தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதி இது. இங்குள்ள நயா நகரில் 2014-இல் தொடங்கப்பட்ட ‘தாராவி டைரி’ என்னும் முயற்சியில், சிறுமியர் கைபேசிச் செயலிகளை உருவாக்கக் கற்றனர். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்தும் செயலி அவற்றுள் ஒன்று. கணினியைத் தங்கள் வாழ்க்கைச் சிக்கலுக்குப் பயன்படுத்த இச்சிறுமியரால் முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இதே வழியில் பயன்படக்கூடிய மற்றொரு கருவி, மீயுரைக் கதையாகும்.

மீயுரை என்பது யாது?

ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பகுதிக்கு இட்டுச் செல்லும் எழுத்தே மீயுரை. ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்னும் பெயரை 1965-இல் டெட் நெல்சன் வழங்கினார். மைக்கேல் ஜாய்ஸ் 1987-இல் எழுதிய ‘ஆஃப்டர்நூன்’ இவ்வகைப் புனைகதைகளுள் முன்னோடியாகும். 2009-இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கிய ‘ட்வைன்’ என்னும் இலவச மென்பொருள், நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தகைய கதைகளை அமைக்க வழிசெய்தது. தமிழிலும் எழுதலாம். முடிந்த கதை ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுவதால், இணைய இணைப்பு இன்றியும் அதைப் படிக்க இயலும்.

உழைப்பின் கணக்கு

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வழிகள் வீதம் ஐந்து கட்டங்கள் கொண்ட கதையில் 32 முடிவுகள் உண்டு. எழுத வேண்டிய பகுதிகளோ 63. ஆனால் வாசகர் ஒரு முறை படிப்பது ஆறு பகுதிகளே. ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் கிளைகளை மீண்டும் ஒன்று சேர்த்தால் 16 பகுதிகள் போதும். முன்னர்ச் செய்த தேர்வுகளைக் கணினி நினைவில் வைத்திருந்து, முடிவில் அதற்கேற்ப உரையை மாற்றிக் காட்டும். ஆகவே ஓர் ஆசிரியரும் சில மாணவர்களும் சேர்ந்து இப்பணியை முடித்துவிடலாம்.

தாராவியில் இதன் பயன்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் வீடு பெறும் தகுதி, கிளை பிரியும் கதை போன்றே அமைந்துள்ளது. குடியிருப்பு 2000 ஜனவரி 1-க்கு முற்பட்டதா? தரைத்தளமா, மேல்தளமா? அதற்குச் சான்று உண்டா? தரைத்தளத்தில் அந்நாளுக்கு முன்பிருந்தே வசிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். மற்றவர்களுக்கு விதிகள் வேறு. ஆவணம் ஒன்று குறைந்தாலும் ஒரு குடும்பத்தின் நிலை மாறிவிடலாம். நீண்ட அரசாணையில் தனக்குரிய பத்தியைத் தேடுவது எளிய மக்களுக்குக் கடினம். அதே விதிகளை ஒரு குடும்பத்தின் கதையாக, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் அமைத்தால், ஒவ்வொருவரும் தம் வழியைத் தாமே நடந்து பார்க்கலாம்.

இதில் எச்சரிக்கை ஒன்று தேவை. கதையில் தவறான வழியில் சென்றவர் திரும்பி வரலாம். கணக்கெடுப்பில் அவ்வாறு எளிதில் திரும்ப இயலாது. எனவே விதி மாறும்போதெல்லாம் கதையும் திருத்தப்பட வேண்டும். எந்த நாள்வரையிலான விதிகள் என்பதும் முதற் பக்கத்திலேயே குறிக்கப்பட வேண்டும். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள் இதனை எழுதக் கற்றால், அவர்களது மொழிப் பயிற்சியும் பெற்றோரின் உரிமை அறிவும் ஒருங்கே வளரும்.