பழைய காருக்கு மறுவாழ்வு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை நம்பியே வருகிறோம். அந்த வண்டி பழைய அம்பாசிடர் என்றால்? மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து உருவாகி வந்த அக்காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றது. உதிரி பாகங்கள் அரிதானதால், பழையனவற்றைப் புதுப்பித்தே ஓட்ட வேண்டியுள்ளது. எதைப் புதுப்பிக்கலாம், எதைப் புதுப்பிக்கக் கூடாது என அறிவோமா?

பிரேக் டிரம்: உட்புறம் தேய்ந்து கோடு கோடாகப் பள்ளம் விழும். லேத்தில் சீராகக் கடைந்தால் மீண்டும் உழைக்கும். ஆனால் கடையக் கடையச் சுவர் மெலியும். குறித்த அளவைத் தாண்டினால், சூட்டில் விரிசல் காணும், கழித்துவிட வேண்டியதுதான்.

பிரேக் ஷூ: இரும்புச் சட்டம் பழையதே போதும். தேய்ந்த லைனிங்கை அகற்றிப் புதியதை ரிவெட் அடிக்கலாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

வீல் சிலிண்டர்: உட்சுவர் அரித்திருந்தால், துளையைப் பெரிதாக்கிப் புதிய உலோகக் குழாயைச் செருகி மீட்கலாம். உள்ளிருக்கும் ரப்பரை மட்டும் மீண்டும் போடவே கூடாது. அது கெட்டால் பிரேக் எண்ணெய் கசியும். மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஐயாயிரம் பேர் உண்டபின், மிஞ்சிய அப்பத் துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். நாமும் இரும்பைச் சேமிப்போம். சிறு ரப்பருக்குக் காசு மிச்சம் பிடித்து உயிரை இழக்க மாட்டோம். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு அல்லவா!