அழைப்பிதழ் அச்சிடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நீ அனுப்பிய திருவிழா அழைப்பிதழ் புரூஃபையும் பார்த்தேன். படமும் நிறமும் எழுத்துருவும் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. தலைமை தாங்கும் மைசூர் ஆயரின் பெயருக்கு முன்னால் 'மகா மேதகு பேராயர் ஆண்டகை' என்று போட்டிருக்கிறாயே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

மைசூர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1886-இல் உருவானது. இன்று அது பெங்களூரு உயர்மறைமாவட்டத்தின் மாகாணத்தில் அடங்கியது. ஆகவே மைசூரில் இருப்பவர் ஆயர். பெங்களூரில் இருப்பவர் பேராயர். 'மேதகு ஆயர்' என்றாலே முழு மரியாதையும் வந்துவிடும். அதற்கு மேல் நீ ஏற்றினால், திருச்சபை கொடுக்காத பதவியை அச்சகம் கொடுத்ததாக ஆகும். மேடையில் அந்த அழைப்பிதழைக் கையில் வாங்கும் ஆயருக்குத்தான் முதல் சங்கடம்.

நாளைக்கே சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வேலை வரும். அங்கே கணக்கு வேறு. 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப் என்றாலே பேராயர்தான். அவர்களுக்கெல்லாம் தலைவரான மாடரேட்டர் பிரதமப் பேராயர். பல சபைகளில் போதகரையே ஆயர் என்பார்கள். அங்கே பிஷப்பை 'ஆயர்' என்று அச்சடித்தால் அவரைப் படியிறக்கிவிட்டாய் என்று பொருள். கத்தோலிக்கக் குருவுக்கு அருட்தந்தை. சீர்திருத்த சபைகளில் அருட்திரு, மறைத்திரு என்று வழக்கம் மாறும். எந்தச் சபையின் வேலையோ அந்தச் சபையின் வழக்கம்தான் உனக்குச் சட்டம்.

மைசூரில் உனக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஒரே அட்டையில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். கன்னடத்தில் ஆயர் தர்மாத்யக்ஷர், பேராயர் மஹா தர்மாத்யக்ஷர். ஆங்கிலத்தில் கத்தோலிக்க ஆயருக்கு 'மோஸ்ட் ரெவரெண்ட்', சி.எஸ்.ஐ. பிஷப்புக்கு 'ரைட் ரெவரெண்ட்'. தமிழில் ஒரு பதவி, கன்னடத்தில் வேறொரு பதவி என்று போய்விட்டால், பக்கத்துப் பக்கத்தில் நின்று படிப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பட்டத்தைக் குறைத்து எழுதினால் மரியாதை குறைந்துவிடுமோ என்று பயப்படாதே. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க வந்த பிரெஞ்சுக் குரு அபே துபுவாவை இந்தச் சீமை மக்கள் கன்னடத்தில் 'தொட்ட சுவாமி', அதாவது 'பெரிய சுவாமி', என்றார்கள். அம்மை குத்தும் பணியிலும் முன்நின்றவர் அவர். தமிழ்நாட்டில் கால்டுவெல் 1877-இல் பிஷப் ஆனார். ஆனாலும் ஜனங்களுக்குக் கடைசிவரை கால்டுவெல் ஐயர்தான். ஜி.யு. போப் நமக்கு இன்றும் போப் ஐயர். இவை மக்கள் தாங்களாக மனமுவந்து வைத்த பெயர்கள். அச்சகத்துக்கு அந்த உரிமை இல்லை. பதவி என்னவோ அதைப் பிசகாமல் எழுதுவதே நம் கையால் செய்யக்கூடிய மரியாதை.

பட்டமே வேண்டாம் என்றவர்களும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், 1965 நவம்பர் 16 அன்று, சுமார் நாற்பது ஆயர்கள் ரோமில் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். பெருமை பேசும் பட்டங்களால் தங்களை அழைக்க வேண்டாம், தந்தை என்றாலே போதும் என்பது அதில் ஒன்று. திருத்தந்தை பிரான்சிஸும் 2014-இல், மறைமாவட்டக் குருக்களில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே 'மொன்சிஞ்ஞோர்' பட்டம் என்று வரம்பு கட்டினார். உன்னிடம் வருகிற ஆயர் ஒருவர் எளிமையாகப் போடச் சொன்னால், அவர் சொன்னபடியே போடு. விழாக் குழுவினர் இன்னும் இரண்டு சொல் சேர்க்கச் சொன்னாலும் பணிவாக மறுத்துவிடு.

உன் புரூஃபின் அடிப்பகுதியையும் கவனி. குருக்களின் பெயர்கள் தடித்த எழுத்தில் பட்டங்களோடு நிற்கின்றன. பாடகர் குழுவைப் பயிற்றுவித்த சகோதரியின் பெயர் பொடி எழுத்தில், முன்னால் ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. அவர் அருட்சகோதரி, அப்படியே எழுது, கண்ணுக்குத் தெரிகிற அளவிலும் எழுது. சி.எஸ்.ஐ.யில் போதகரின் மனைவியை ஐயரம்மா என்பது வழக்கம். பெண்ணே குருப்பட்டம் பெற்றவர் என்றால் ஆணுக்குப் போடும் அதே அருட்திருதான் அவருக்கும். 2013-இல் நந்தியால் பிஷப்பாக எகோனி புஷ்பலலிதா அருட்பொழிவு பெற்றபோது, அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். அந்தப் பட்டத்துக்கு ஆண், பெண் என்று இரண்டு அளவு இல்லை.

போன வருஷத்து ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றும் பழக்கம் வேண்டாம். பங்குக் குருக்களுக்கு மாறுதல் வரும். கத்தோலிக்க ஆயர்கள் 75 வயதானால் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். சென்ற திருவிழாவில் ஆயராக இருந்தவர் இந்தத் திருவிழாவில் ஓய்வுபெற்ற ஆயராக இருக்கலாம். பங்கு அலுவலகத்துக்குப் போன் போட்டு, "பெயருக்கு முன்னாடி என்ன போடணும்?" என்று கேள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; கேட்டவனைத்தான் அடுத்த தடவையும் தேடி வருவார்கள். 'மகா'வை எடுத்துவிடு, 'பேராயர்' ஆயராகட்டும். மூன்று மொழியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே பிளேட்டுக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்