காற்றுக் காலம்: பவரை மாற்றும் முன் கண்ணீரைப் பாருங்கள்

ஆடி, ஆவணி மாதங்களுக்கான ஆலோசனை. ஆப்டிகல் கடை, விஷன் சென்டர், கண் மருத்துவமனையின் ரெஃப்ராக்‌ஷன் அறை ஆகியவற்றில் பணிபுரியும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு.

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய், கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியாகக் கிழக்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. மழையின் பெரும்பகுதி மலைக்கு மேற்கேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. உடுமலை, தேனி, வள்ளியூர், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வந்து சேர்வது காற்றும் புழுதியும்தான். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு இது நல்ல காலம், கண்களுக்கு இல்லை. இனி செப்டம்பர் வரை உங்கள் நாற்காலியில் உட்காருகிறவர்களில் பலர் சொல்லப்போவது ஒன்றுதான்: "போன மாசம் போட்ட கண்ணாடி செட் ஆகல."

உடனே பவரை மாற்றாதீர்கள். இந்த இதழில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது இதுவே. ஒளி கண்ணுக்குள் நுழையும்போது முதலில் சந்திப்பது கருவிழியை அல்ல, அதன் மேலிருக்கும் சுமார் 3 மைக்ரான் கண்ணீர்ப் படலத்தை. அது சிமிட்டலுக்கும் சிமிட்டலுக்கும் நடுவே உடைந்துபோனால் எந்தப் பவரும் நிற்காது. சார்ட்டைப் படிக்கும்போது எழுத்து மங்கினால் "ஒருதரம் நல்லா சிமிட்டிட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். சிமிட்டியதும் தெளிந்து, சில விநாடிகளில் மறுபடி மங்கினால் கோளாறு லென்ஸில் இல்லை. ஆட்டோரெஃப்பில் ஒரே கண்ணுக்கு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். சிலிண்டர் அரை டயாப்டர் ஆடுகிறது, ஆக்ஸிஸ் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால், அன்றைக்குக் கண்ணாடி எழுதாமல் கண்ணின் மேற்பரப்பைக் கவனித்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்வதே என் வழக்கம். ஒரு விற்பனை தள்ளிப்போகும். தவறான பவரில் செய்த புரோகிரசிவ் லென்ஸ் திரும்பி வருவதைவிட அது மேல்.

கண்புரை அறுவைக்கு நாள் குறித்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கண் உலர்ந்திருக்கும்போது எடுத்த கெரட்டோமெட்ரி அளவு தப்பினால், அந்தத் தப்பு உள்ளே வைக்கும் லென்ஸின் பவரோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். அளவு நிலையாக வரவில்லை என்று ரெஃபரல் சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

கேட்பதில் தொடங்குங்கள்

ஓஎஸ்டிஐ கேள்வித்தாள் இந்தப் பருவத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அதன் 12 கேள்விகளில் கடைசி மூன்றும் காற்று, வறண்ட இடம், ஏசி அறை பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தத்தை 25-ஆல் பெருக்கி, பதில் சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய கண், 33-ம் அதற்கு மேலும் தீவிரம்.

நம் ஊரில் தவறு நடப்பது அந்த வகுத்தலில்தான். இரவில் வண்டி ஓட்டும்போது தொந்தரவு உண்டா, கம்ப்யூட்டர் அல்லது ஏடிஎம் பார்க்கும்போது உண்டா என்றும் அதில் இருக்கிறது. களையெடுக்கப் போகும் அம்மா இரண்டையுமே செய்யாதவராக இருக்கலாம். அங்கே பூஜ்யம் போட்டு 12-ஆல் வகுத்தால் மதிப்பெண் பொய்யாகக் குறைந்து, உலர்ந்த கண் நல்ல கண் ஆகிவிடும். பொருந்தாத கேள்வியை அடித்துவிட்டு 10-ஆல் வகுங்கள். கூட்டம் அதிகமான நாளில் ஐந்தே கேள்வி உள்ள டிஇக்யூ-5 போதும், அதில் 6-க்கு மேல் போனால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளில் இல்லாதவற்றை வாயால் கேளுங்கள். காலையில் எழுந்ததும் உறுத்துகிறதென்றால் இமையோரத்தையோ, கண் சரியாக மூடாமல் தூங்குவதையோ நினையுங்கள். பொழுது சாயச் சாய எரிகிறதென்றால் கண்ணீர் ஆவியாவதை நினையுங்கள். அரிப்பு முன்னால் நின்றால், அதுவும் பிள்ளைகளுக்கு, ஒவ்வாமை. ஒரே கண்ணில் மட்டும் என்றால் உலர்கண் என்று எழுதிவிடாமல் தேடுங்கள்: தூசி, இமையில் குறை, முகவாதம். ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் மாத்திரை, மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், நீர் பிரியத் தரும் மாத்திரை எல்லாம் கண்ணை உலர்த்தக்கூடியவை. மாத்திரை அட்டையையே எடுத்து வரச் சொல்லுங்கள், பெயர் யாருக்கும் நினைவிருக்காது. வாயும் உலர்கிறதா, இட்லி விழுங்கவே தண்ணீர் வேண்டியிருக்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஸ்வீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் தம் ஆய்வேட்டில் விவரித்த நோய் இப்படித்தான் ஆப்டிகல் கடைக்கு வரும். பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள். "வயசானா அப்படித்தான்" என்று பலர் சொல்லி அனுப்பியபிறகு உங்களிடம் வந்திருப்பார்கள்.

"கண்ணுல தண்ணியா ஊத்துது, எனக்கா உலர்கண்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வறண்ட கருவிழி எரிச்சலில் கண்ணீரை வரவழைக்கிறது, அந்த அவசரக் கண்ணீர் நிற்காமல் வழிந்துவிடுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போங்கள்.

சோதனை அறை

முதலில் ஃபேனை நிறுத்துங்கள். ஏசி காற்று நோயாளியின் முகத்தில் அடிக்கக் கூடாது. பைக்கில் வந்தவரைப் பத்து நிமிடம் உட்கார வைத்த பிறகு தொடங்குங்கள்.

வரிசை முக்கியம்: கண்ணைத் தொடாத சோதனை முதலில், தொடுகிற சோதனை பின்னால். விலையுயர்ந்த டோபோகிராஃபர் இல்லையென்று கவலை வேண்டாம். மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கெரட்டோமீட்டரே போதும். நன்றாக ஒருமுறை சிமிட்டச் சொல்லி, பிறகு கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, மைர் வளையங்கள் நெளியத் தொடங்கும்வரை விநாடியை எண்ணுங்கள். பிறகு ஸ்லிட் லேம்பில் கீழிமையோரக் கண்ணீர்க் கோட்டின் உயரம். 0.2 மி.மீ.க்குக் குறைந்தால் நீரே குறைவு என்று பொருள்.

அதன்பின் ஃப்ளோரசின். பாட்டில் சொட்டைத் தவிர்த்து ஸ்ட்ரிப் பயன்படுத்துங்கள், பாட்டில் கரைசலில் கிருமி வளரும். ஸ்ட்ரிப்பை ஒரு துளி சலைனில் நனைத்து, உதறிவிட்டு இமைக்குள் மெல்லத் தொட்டால் போதும். வெள்ளமாய் ஊற்றினால் உடையும் நேரம் நீண்டு காட்டும். மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள், 10 விநாடிக்குள் உடைந்தால் படலம் நிலையற்றது. சாஃப்ட் லென்ஸ் போட்டவர் அதைக் கழற்றிய பிறகே சாயம்.

ஓரிரு நிமிடம் கழித்து, நீல ஒளியில், மஞ்சள் ஃபில்டர் இருந்தால் அதையும் வைத்து, புள்ளிகள் எங்கே என்று பாருங்கள். எண்ணிக்கையைவிட இடம் அதிகம் பேசும். கருவிழியின் கீழ்ப்பகுதியில் மட்டும் என்றால் அரைகுறையாகச் சிமிட்டுகிறார், அல்லது கண் திறந்தபடி தூங்குகிறார். இமை திறந்திருக்கும் இடைவெளியில் பட்டையாக இருந்தால் காற்றும் வறட்சியும். மேல்பகுதியில் நெடுக்காகக் கீறல்கள் தெரிந்தால் மேலிமைக்கு அடியில் துகள் ஒட்டியிருக்கிறது. காற்று அடங்கும்வரை, உறுத்தல் என்று வரும் ஒவ்வொருவருக்கும் மேலிமையைத் திருப்பிப் பாருங்கள். வாரக்கணக்கில் கண்ணீர்ச் சொட்டு போட்டும் தீராத "உலர்கண்", இமைக்கடியில் இருந்த ஒரு உமித் துணுக்கை எடுத்ததும் தீர்ந்துபோகும். சர்க்கரை நோயாளி ஒரு தொந்தரவும் இல்லை என்பார், சாயம் போட்டால் கருவிழி முழுக்கப் புள்ளி. அவருக்குக் கருவிழியில் உணர்ச்சி குறைந்திருக்கும், புகார் இல்லாததை நம்பாதீர்கள்.

ஷிர்மர் கடைசியில், முடிந்தால் வேறொரு நாளில். மரப்பு மருந்தில்லாமல் 5 நிமிடத்தில் 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் அது காற்றின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை. கண் மருத்துவருக்கு அனுப்புங்கள். ஆஸ்மோலாரிட்டிக் கருவி இருந்தால் 308 என்ற எல்லையை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குறையொன்றுமில்லை.

இமையை அழுத்திப் பார்த்தீர்களா?

நம்மில் பலர் விட்டுவிடும் படி இது. நாம் பார்க்கும் உலர்கண்ணில் பெரும்பங்கு நீர்க்குறைவால் வருவதல்ல, மேலே மிதக்க வேண்டிய எண்ணெய் குறைவதால் வருவது. அந்த எண்ணெயைத் தரும் மைபோமியன் சுரப்பிகள் மேலிமையில் முப்பது நாற்பது, கீழிமையில் இருபது முப்பது. கீழிமை விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே ஸ்லிட் லேம்பில் பாருங்கள். தெளிந்த எண்ணெய் துளிர்த்தால் நல்லது. கலங்கலாக வந்தாலும், பற்பசை போலக் கெட்டியாகப் பிதுங்கினாலும், ஒன்றுமே வராவிட்டாலும் சுரப்பி அடைத்திருக்கிறது. இமைக்கு உள்விளிம்பில் கண்மை தீட்டுகிறவர்களுக்கு அந்த வாய்களின் மேலேயே மை படிந்திருப்பதைக் காணலாம். மையை விடச் சொன்னால் கேட்கமாட்டார்கள். முடிக்கு வெளிப்பக்கம் மட்டும் தீட்டி, இரவில் துடைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், அது நடக்கும். இமைமுடியின் அடியில் சட்டை போட்டதுபோல் உருளையாகப் பொருக்கு இருந்தால் டெமோடெக்ஸ் பூச்சி. டீ ட்ரீ எண்ணெயை வாங்கி நேரடியாக இமையில் தடவ விடாதீர்கள், கருவிழி வெந்துவிடும்.

அடைப்புக்கு மருந்து ஒத்தடம். "சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க" என்று சொல்லி அனுப்பினால் பலன் இராது. நனைத்த துணி ஒரே நிமிடத்தில் ஆறிவிடும். கெட்டித்த எண்ணெய் உருக இமையில் 40 டிகிரி அளவில் சூடு 5 முதல் 10 நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு துணி, மூடியுள்ள பாத்திரத்தில் வெந்நீர், ஒன்று ஆறும்போது மற்றொன்று என்று செய்து காட்டுங்கள். சூட்டை முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முடிந்த கையோடு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் நீவிவிட வேண்டும். தினம் ஒருமுறையாவது, காற்றுக் காலம் முடியும்வரை.

சொட்டும் கடையும்

லேசான தொந்தரவுக்குக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% போன்ற சாதாரணக் கண்ணீர்ச் சொட்டே போதும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்படுகிறவருக்கு பென்சால்கோனியம் குளோரைடு இல்லாத சொட்டுக்கு மாறச் சொல்லுங்கள், அந்தப் பதப்பொருளே கருவிழியைப் புண்ணாக்கும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகள் கூலிக்குப் போகிறவர் பைக்கு எட்டாது. எட்டாததை எழுதினால், திறந்த குப்பியை மூன்று நாள் மடித்து வைத்துப் பயன்படுத்துவார், அது இன்னும் ஆபத்து. பதப்பொருள் இல்லாமலே பல நாள் பயன்படும் வடிகட்டி மூடியுள்ள பாட்டில்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுப் பாருங்கள். இரவில் ஜெல். திறந்த பாட்டிலில் தேதியை எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம். விட்டதும் கண் முன்னைவிடச் சிவக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு கட்டாயம் வேண்டாம், கண் அழுத்தம் ஏறும், இருக்கும் புண்ணும் முற்றும். ஒமேகா-3 மாத்திரை விற்பவர்கள் யோசியுங்கள்: அமெரிக்காவில் 535 பேரிடம் ஓராண்டு நடந்து 2018-இல் வெளிவந்த ட்ரீம் ஆய்வில், தினம் 3,000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வெறும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பன்னீர், தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடச் சொல்லாதீர்கள். விட்டு வந்தவரைத் திட்டவும் வேண்டாம், அடுத்தமுறை உங்களிடம் மறைத்துவிடுவார்.

இரண்டு ரூபாய் செலவில்லாத ஆலோசனைகளும் உண்டு. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவது. பஸ்ஸில் ஜன்னலை மூடுவது. ஃபேனைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு மாற்றுவது. தையல் மிஷின், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் இமை இரண்டும் தொடும்படி சிமிட்டுவது. வெளியில் வேலை செய்பவருக்குப் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடியைக் காட்டுங்கள், இந்தப் பருவத்தில் நீங்கள் மனச்சாட்சியோடு விற்கக்கூடிய பொருள் அது. கெரட்டோகோனஸுக்கு ஆர்ஜிபி லென்ஸ் போடுகிறவர்களுக்கு அது அவசியம், புழுதி லென்ஸுக்கு அடியில் போய்விடும். குற்றாலம் சீசனுக்குப் போகும் லென்ஸ்காரர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அருவியில் நிற்க வேண்டும். அகந்தமீபா தண்ணீரில் இருக்கும்.

அன்றைக்கே அனுப்ப வேண்டியவர்கள்

காற்றில் பறந்த சோகையோ மண்ணோ பட்டது, வலி கூடுகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, கருவிழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்றால் அது உலர்கண் இல்லை. மதுரையில் 1994-இல் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அடிபட்டதில்தான் அது தொடங்கியிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி பூஞ்சை. கட்டுப் போடாதீர்கள், சொட்டு கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லாதீர்கள். பஸ் நேரம் கேட்டு அனுப்பிவையுங்கள்.

மாலைக்கண்ணோடு வெள்ளைப் படலத்தில் நுரைபோல் திட்டு இருக்கும் குழந்தை, ஏதோ மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து அதன்பின் கண் உலர்ந்தவர், முகவாதத்தில் கண் மூடாதவர் ஆகியோரையும் கண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். சைக்ளோஸ்போரின், பங்டல் பிளக் போன்றவற்றை முடிவு செய்வது அவர் வேலை. உங்கள் சீட்டில் மதிப்பெண், உடையும் விநாடி, புள்ளிகள் இருக்கும் இடம், சுரப்பியின் நிலை நான்கும் இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மற்றவர்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஐப்பசி மழை பிடித்த பிறகு வரச்சொல்லி அதே கேள்வித்தாள், அதே கெரட்டோமீட்டர். பெரும்பாலோர் தேறியிருப்பார்கள், அவர்களுக்கு அப்போது பவர் எழுதுங்கள். காற்று ஓய்ந்தும் அப்படியே இருப்பவர்களிடம் வாய் உலர்வதையும் மூட்டு வலியையும் மாத்திரை அட்டையையும் மறுபடி முதலிலிருந்து கேளுங்கள்.