நிலக்கரியும் வைக்கோலும் ஒரே அடுப்பில்



கரும்பு வெட்டி முடிஞ்சதும் எங்க அப்பா கழனியில் சோகையைக் கொளுத்துவார். அன்று ராத்திரி என் தம்பிக்கு இழுப்பு வந்துவிடும். போன மாசியில் அவன் விடிய விடிய தூங்கவில்லை. அம்மா அவன் முதுகைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. "இதைக் கொளுத்தாம வேற என்ன செய்யலாம் டீச்சர்?" என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்னதையும், நான் வீட்டில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

இணை எரிப்பு என்றால் என்ன?

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவு போல அரைத்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. மின்சாரம் வருகிறது. நிலக்கரியோடு வைக்கோல், சோகை, கடலைத்தோல் போன்ற தாவரக் கழிவையும் கலந்து எரிப்பதுதான் இணை எரிப்பு.

நான் செய்த சோதனை

அம்மா பக்கத்தில் இருக்கும்போது குமுட்டி அடுப்பில் கரி மூட்டினேன்.

1. ஒரு பிடி வைக்கோலைப் போட்டேன். குப்பென்று எரிந்து உடனே சாம்பலானது.
2. அதே அளவு வைக்கோலைப் பிரியாகத் திரித்து, இறுக்கி முடிச்சுப் போட்டுப் போட்டேன். நின்று எரிந்தது.
3. ஈர வைக்கோலைப் போட்டேன். ஒரே புகை! கண் எரிந்ததுதான் மிச்சம்.

தெரிந்துகொண்டது: தாவரத்தில் சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பும் பொருள் அதிகம். அதனால் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். அதனால்தான் வைக்கோலைக் காயவைத்து, பொடியாக்கி, விரல் தடிமனுக்கு அழுத்தி 'பெல்லட்' ஆக்குகிறார்கள். லாரியில் ஏற்றவும் இடம் குறைவாகப் பிடிக்கும்.

வைக்கோலை மட்டும் எரித்தால் என்ன?

வைக்கோல் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. அது சூட்டில் இளகி, கொதிகலன் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் குழாயை அரிக்கும். மேலும் வைக்கோல் அறுவடைக் காலத்தில்தான் கிடைக்கும். மின்சாரமோ வருஷம் முழுக்க வேண்டும். கொஞ்சமாகக் கலந்தால் இருக்கிற கொதிகலனே போதும்.

எங்கே செய்கிறார்கள்?

பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் கோதுமை விதைக்க வேண்டும். அவசரத்துக்கு வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டெல்லி வரை போகிறது. உத்தரப் பிரதேசத்தில் தாத்ரி என்.டி.பி.சி. அனல்மின் நிலையத்தில் 2017-ல் நிலக்கரியோடு பெல்லட் கலந்து எரித்துப் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் அனல்மின் நிலையங்கள் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது.

ஒரு கணக்கு

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். எங்க வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் ஓடுகிறது. அதாவது 70 கிலோ நிலக்கரி. அதில் 5 சதவீதம் மூன்றரை கிலோ. எங்க பசு ஒரு நாளைக்குத் தின்கிற வைக்கோல் அளவுதான்! மீதி 95 சதவீதம் நிலக்கரியேதான். அதனால் இதை வைத்து நிலக்கரியை ஒழித்துவிட முடியாது.

பிறகு என்ன நன்மை?

வயலில் எரித்தால் புகை முழுவதும் நம் மூக்குக்கு வருகிறது. மின்நிலையத்தில் புகைபோக்கிக்கு முன்னாலேயே சாம்பலைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. இன்னொன்று, வைக்கோலில் உள்ள கார்பன் இந்தப் போகத்தில் காற்றிலிருந்து பயிர் எடுத்தது. நிலக்கரியில் இருப்பது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் கிடந்தது. அதை எரித்தால் காற்றில் புதிதாகச் சேர்கிறது.

ஆனால் மாடு தின்கிற வைக்கோலைப் பிடுங்கக் கூடாது. வீணாகக் கொளுத்துவதைத்தான் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா சோகையை வாரிக் கட்ட ஆள் கூலி யார் தருவா? லாரி எங்க வருது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். சோகையைக் கரும்புச் சாலிலேயே மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும் என்றார்கள். "வர்ற மாசியில கால் காணி மட்டும் கொளுத்தாம பார்க்கலாம்" என்று அப்பா ஒத்துக்கிட்டார். மீதிக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சிந்திக்க: உங்கள் ஊரில் எதைக் கொளுத்துகிறார்கள்? அதை வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? கேட்டு எழுதி, பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி