பழைய 120 காமிரா வாங்கப் போகுமுன்

நம்மில் பலருடைய வீட்டு ஆல்பங்களில் சதுரமான கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். பெரும்பாலும் அவை 120 பிலிமில் எடுத்தவை. 1901இல் கோடாக் கொண்டுவந்த இந்தப் பிலிம் இன்றும் கிடைக்கிறது. சதுரப் படமானால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம். 35 மி.மீ. பிலிமின் படத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு என்பதால், பெரிதாக்கினாலும் முகத்தின் சுருக்கங்கள்கூடத் தெளிவாக நிற்கும். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 உங்கள் தகப்பனார் கையிலும் இருந்திருக்கலாம்.

இப்போது அன்பர்கள் தேடி அலைவது இரட்டை லென்ஸ் காமிராக்களை. மேல் லென்ஸ் நமக்குக் காட்டும். கீழ் லென்ஸ் படம் எடுக்கும். ஜெர்மனியில் 1929இல் வெளிவந்த ரோலைஃப்ளெக்ஸ் இவற்றுள் பெயர் பெற்றது. நேருவைப் பலமுறை படமெடுத்த ஹோமாய் வியாரவாலா கையாண்ட காமிராக்களுள் அதுவும் ஒன்று. அந்த விலை கட்டாதவர்களுக்கு ஜப்பானின் யாஷிகா மேட் 124ஜி இருக்கிறது. 1986 வரை தயாரானது. நான் வாங்கியதும் அதுதான், இரண்டு முறை!

முதல் காமிராவை இங்கே மும்பையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். தோலுறை பளபளவென்றிருந்தது, அதில் மயங்கிவிட்டேன். அத்தையின் எண்பதாவது பிறந்த நாளுக்கு மாட்டுங்கா வீட்டில் ஒரு சுருள் முழுவதும் எடுத்தேன். "என்னடா, என்னைப் பார்க்காம வயித்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறே?" என்று அத்தை கேலி செய்தாள். (இந்தக் காமிராவில் குனிந்துதான் பார்க்க வேண்டும், இடது வலது மாறித் தெரியும்.) கழுவி வந்தபோது பதினொரு நெகட்டிவ் கரிக்கட்டை. ஜன்னல் வெளிச்சத்தில் 1/15 விநாடி வைத்து எடுத்தவை அவை. வாசல் வெயிலில் 1/250 வைத்த ஒன்று மட்டும் தேறியது. அடுத்த தீபாவளிக்கு அத்தை இல்லை.

என்ன கோளாறு? ஷட்டரின் மெதுவான வேகங்களை ஒரு சிறு பற்சக்கரத் தொடர் நடத்துகிறது. பல வருடம் சும்மா கிடந்தால் அதன் எண்ணெய் பிசினாகிவிடும். திறந்த இதழ்கள் நேரத்தில் மூடா. வேகமான எண்களுக்கு அந்தத் தொடரின் தயவு அவ்வளவு வேண்டாம். கடைக்காரர் 1/250 வைத்து 'டிக்' என்று காட்டியதில் நான் ஏமாந்தது இதனால்தான்.

இரண்டாம் முறை கையில் டார்ச்சும் டிரேசிங் பேப்பரும் கொண்டுபோனேன். பின்கதவைத் திறந்து ஒரு விநாடி வைத்து அமுக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அரை, கால் என்று ஒவ்வொன்றாக. அடுத்து 'பி'யில் வைத்து, பித்தானைக் கடைக்காரரையே அமுக்கிக்கொண்டிருக்கச் சொல்லி, லென்ஸ் வழியே டார்ச் அடித்தேன். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. ஆரம்பமானால் மெக்கானிக் துடைத்துவிடுவார். கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் போனது போனதுதான். கடைசியாக, பிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, எதிர்க் கட்டடத்தின் எழுத்துகளைப் பார்த்தேன். மேல் திரையில் தெளிவாக விழும்போது இதிலும் தெளிவாக விழ வேண்டும். இல்லையேல் இரு லென்ஸும் ஒத்துப்போகவில்லை.

பதினெட்டாயிரம் கேட்டார், பதினாலுக்குப் படிந்தது. ஒளிமானி வேலை செய்கிறது என்று கூடுதல் கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்கான பாதரச பாட்டரி இப்போது வருவதில்லை. கைப்பேசிச் செயலியே போதும். நல்ல வெயிலில் அதுவும் வேண்டாம்: 100 வேகப் பிலிமுக்கு எஃப்/16, 1/125.

பிலிம் போடும்போது, கதவின் உட்புறத் தட்டு 120 குறியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிலிம் காகிதத்திலுள்ள அம்புக்குறி காமிராவின் குறிக்கு நேராக வந்த பிறகே கதவை மூடுங்கள். மழைக்காலத்தில் தோலுறையில் வைக்கவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பது அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால், ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். டார்ச் என்னிடம் இருக்கிறது.