சவுக்காரத்தில் காறல் வாடை: காரணமும் தடுக்கும் வழியும்

கைத்தறியும் தென்னையும் ஒருங்கேயுள்ள ஊர்களில் குளியல் சவுக்காரம் செய்தல் நல்லதொரு துணைத் தொழிலாகும். ஆயினும், நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், விற்காமல் திரும்பி வந்த கட்டிகள் சரக்கறையில் அடுக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்ததும் ஆட்டுக் கிடையின் வாடை வீசிற்று. "வாடை போகட்டுமென்று எலுமிச்சைச் சாறு சேர்த்தோம், அதன் பிறகே அதிகமாயிற்று" என்று அங்கத்தினர்கள் வருந்தினர். எண்ணெய் விலையும் கூலியும் சங்கத்திற்கு நஷ்டமாயின.

வாடை பிறக்கும் விதம்

எண்ணெய் என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் இணைந்த பொருள். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சுமார் எட்டில் ஒரு பங்கு காப்ரிலிக், காப்ரிக் அமிலங்கள். ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே இவ்விரண்டின் பெயர்களும் பிறந்தன. இணைந்திருக்கும் வரை இவை நாறுவதில்லை, பிரிந்தால் நாறும். ஈரமும் பூஞ்சணமும் எண்ணெயிலிருந்து இவற்றைப் பிரிக்கின்றன.

காஸ்டிக் சோடா இவ்வமிலங்களைப் பற்றிச் சவுக்காரமாக்கும்போது வாடை அடங்குகிறது. எலுமிச்சையின் புளிப்போ அப்பிணைப்பை அவிழ்த்து, அமிலத்தை மீண்டும் வெளியே விடுகிறது. மேற்கூறிய சங்கத்தில் நிகழ்ந்தது இதுவே.

பூஞ்சணம் பிடித்த கொப்பரையில் கீட்டோன் என்னும் வேறு வகைப் பொருள்களும் உண்டாகின்றன. இவை சவுக்காரமாக மாறுவதில்லை. ஆதலால், கெட்டுப்போன எண்ணெயைச் சவுக்காரமாக்கி வாடையை மறைத்துவிடலாம் என்று கருதுவது தவறு.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. கொப்பரையின் ஈரம் 6 சதவீதத்திற்கு மேற்படலாகாது. நன்கு உலர்ந்த கொப்பரை ஒடித்தால் முறியும். வளைந்தால் ஈரம் உண்டென்று அறிக. பூஞ்சணம் கண்டதைத் தள்ளிவிடுக.

2. எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டி, ஈரமற்ற கலத்தில் வாய்வரை நிரப்பி, வெளிச்சம் படாமல் வைக்கவும். செம்புப் பாத்திரம் ஆகாது. செம்பு எண்ணெயை விரைவில் காறச் செய்யும்.

3. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சவுக்காரமாவதற்குச் சுத்தமான காஸ்டிக் சோடா சுமார் 183 கிராம் வேண்டும். தோலுக்கு இதமாக இருக்கும்பொருட்டு 5 சதவீத எண்ணெயை மிச்சம் விடுவதாயின் 174 கிராம் போதும். அதற்குமேல் மிச்சமாகும் எண்ணெய் நாளடைவில் காறும். கரண்டியால் அளத்தல் கூடாது. தராசில் நிறுத்தே இடுக. சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சோடாவின்மீது தண்ணீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரத்தையும் விலக்குக.

4. கட்டிகளை இடைவெளி விட்டு அடுக்கி, நிழலில் 4 முதல் 6 வாரம் வரை உலர்த்தவும்.

5. எலுமிச்சை, புளி, மோர் முதலிய புளிப்புப் பொருள்களை அறவே விலக்குக.

தலைக்கெண்ணெயில் சோடா சேர்வதில்லையாதலால், பிரிந்த அமிலம் அப்படியே நின்று நாறும். ஆகையால் அதற்குப் புதிய எண்ணெயே ஏற்றது.

வாசனைத் திரவியம் சில நாட்களுக்கே வாடையை மூடும். அதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, கொப்பரையை நன்கு உலர்த்திக் கொண்டுவரும் விவசாய அங்கத்தினருக்குக் கூடுதல் விலையாகக் கொடுப்பதே உசிதம். அவர் களத்தில் காட்டும் கவனமே சவுக்காரம் செய்யும் அங்கத்தினரின் உழைப்பைக் காக்கும்.