பழைய செயின்சோவைத் திருத்தலாமா?

கேள்வி: மலிவாக வாங்கிய பழைய செயின்சோ ஸ்டார்ட் ஆகிறது, அக்சிலேட்டரை அழுத்தியதும் நின்றுவிடுகிறது. திருத்துவதா, தள்ளிவிடுவதா?
– வாசகர், தன்னாமுனை

பதில்: சுவிட்சை நிறுத்திவிட்டு, இழுகயிற்றின் கைபிடியில் மெசினைத் தூக்கிப் பிடியுங்கள். தயங்கித் தயங்கி இறங்கினால் கம்பிரசன் இருக்கிறது. சர்ரென்று இறங்கினால் பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கும். அதற்குமேல் காசு கொட்டாதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் காபரேட்டர் கோளாறுதான். உள்ளேயிருக்கும் மெல்லிய டயபிரம் விறைத்திருக்கும். இல்லையேல் தாங்கிக்குள் கிடக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும். இரண்டும் சில்லறைச் சாமான். பெற்றோலில் டூ ஸ்ட்ரோக் ஒயில் கலந்தீர்களா? 50:1 கலவை கேட்கும் மெசினுக்கு ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். வெறும் பெற்றோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். அப்படி இறுகிய மெசின்தான் பெரும்பாலும் மலிவுக்கு வருகிறது!

செயின் பிரேக் பிடிக்காவிட்டால் தென்னங்குற்றியில்கூட வைக்காதீர்கள். இலங்கையில் செயின்சோவுக்குப் பதிவும் வேண்டும். விற்றவரிடம் அந்தப் பதிவுத் துண்டையும் கேட்டு வாங்குங்கள்.